அலுமாரிக்கு மேல் ஆறு வருசம்

2023 இல் புத்தளம் நகரத்தில் ஒரு கட்டட வேலைக்கு முதல் நாள் போனபோது, என் காலில் இருந்தது நானாவின் சப்பாத்து.

நானா கட்டாரில் வேலை செய்கிறார். 2017 இல் லீவில் வந்தபோது, அங்கே வேலையிடத்தில் கொடுத்த ஒரு சோடியைப் போடாமல் பெட்டியோடு கொண்டுவந்தார். கறுப்புத் தோல், முன்பக்கம் இரும்புக் கிண்ணம், கனமான அடி. "நீ வேலைக்குப் போற நாளைக்குப் போடு" என்றார். நான் அப்போது ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். உம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றி, வாயை இறுக்கிக் கட்டி, அலுமாரிக்கு மேல் வைத்தா. பெருநாளைக்குப் பெருநாள் இறக்கித் தூசி தட்டி, திரும்பவும் மேலே வைப்பா. எங்கள் வீட்டில் அவ்வளவு கவனமாகப் பார்க்கப்பட்ட பொருள் வேறு ஒன்றும் இல்லை.

அன்று காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கியது. பத்து மணிபோல, பின்னால் நின்ற மேசன் பாஸ் சிரிக்கத் தொடங்கினார்.

"தம்பி, உன்ட சப்பாத்து முட்டை போடுது."

திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வழி முழுக்கக் கறுப்புத் துண்டுகள். குனிந்து ஒன்றை எடுத்தேன். தேத்தண்ணியில் ஊறின பிஸ்கட் மாதிரி விரலுக்குள்ளேயே உதிர்ந்தது. வெட்கத்தில் ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடர்ந்தேன். பதினொரு மணிக்கு, சீமெந்து வாளியோடு பலகைச் சரிவில் ஏறும்போது, வலது குதி முழுசாகக் கழன்றது. இடுப்பளவு உயரத்திலிருந்து மணல் குவியலில் விழுந்தேன். மணிக்கட்டு சுளுக்கியது, அவ்வளவுதான். குவியலுக்குப் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், கொங்கிறீட் கம்பிகள் நுனி மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தன.

அரைநாள் கூலியோடு வீட்டுக்கு வந்தேன். படம் எடுத்து நானாவுக்கு அனுப்பினேன். கனநேரம் நீல அடையாளம் மட்டும்தான். பிறகு ஒரு வரி வந்தது: "அது புதுசுடா."

புதுசுதான். அதுதான் பிரச்சினை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

நானாவின் சப்பாத்தின் அடி பொலியூரிதேன், சுருக்கமாக பி.யூ. உலகத்தில் விற்கிற வேலைச் சப்பாத்துகளில் பெரும் பங்கு இதுதான். காரணம் இருக்கிறது. பாரம் குறைவு. உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள் இருப்பதால் மெத்தை மாதிரி இருக்கும். நாள் முழுக்கக் கொங்கிறீட் தரையில் நிற்கிறவனுக்கு முழங்காலும் இடுப்பும் பிடிக்காது. எண்ணெய் பட்டாலும் லேசில் கெடாது. அச்சில் ஊற்றி நேராகத் தோலோடு ஒட்ட வைக்கலாம் என்பதால் செய்வதும் சுலபம்.

ஆனால் சப்பாத்துக்குப் பெரும்பாலும் பாவிக்கிற பி.யூ. வகைக்கு ஒரு எதிரி இருக்கிறது, தண்ணீர். வாளியில் இருக்கிற தண்ணீர் இல்லை, காற்றில் இருக்கிற ஈரம். அந்த ஈரம் பி.யூ.வின் நீண்ட சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக அறுக்கும். அறுபடும்போது வருகிற அமிலம் அடுத்த கண்ணி அறுபடுவதை இன்னும் வேகமாக்கும். வெப்பம் கூடினால் வேலை இன்னும் விரைவு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. போட்டு நடக்கிற அன்றைக்குத்தான் உதிரும். செய்கிறவர்களில் பலரே, செய்த நாளிலிருந்து மூன்று முதல் ஐந்து வருசம்தான் என்று கணக்குச் சொல்கிறார்கள். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. அதைவிட, அடிக்கடி போட்டு நடக்கிற சப்பாத்து சும்மா கிடக்கிற சப்பாத்தை விடக் கூடநாள் உழைக்கும் என்றும் சொல்கிறார்கள். நடக்கும்போது அடி அமுங்கி விரிவதில் உள்ளிருக்கிற ஈரம் வெளியேறுமாம்.

இப்போது எங்கள் வீட்டை யோசித்துப் பாருங்கள். ஆலங்குடா. கடல் இரையும் சத்தம் கேட்கிற தூரம். உப்புக்காற்று. தகரக் கூரை. கூரைக்கு ஒரு முழம் கீழே அலுமாரியின் மேல்தட்டு. அதில், ஈரம் வெளியே போக வழியில்லாமல் வாய் கட்டிய பொலித்தீன் பை. பி.யூ.வைக் கெடுக்க வேண்டும் என்று ஒருவர் திட்டம் போட்டாலும் இதைவிட நல்ல இடம் கிடைக்காது. உம்மாவிடம் இதை நான் சொல்லவில்லை.

மணிக்கட்டுக் கட்டோடு வீட்டில் இருந்த பத்து நாளில்தான் நான் ஊரின் கால்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆலங்குடாவைத் தெரியாதவர்களுக்கு: கற்பிட்டித் தீபகற்பத்தின் கடற்கரையில், நுரைச்சோலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் வந்து தங்கிய ஊர்களில் ஒன்று. எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து படகில் கற்பிட்டிக்கு வந்து, பிறகு இங்கே வந்தது. மண் எல்லாம் மணல். ஒரு பக்கம் கரைவலை, ஒரு பக்கம் வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும். கொஞ்சத் தூரத்தில் 900 மெகாவாட் லக்விஜய அனல் மின் நிலையம். மாம்புரிப் பக்கம் காற்றாலைகள். பாலாவிக்குப் போனால் உப்பளங்கள். ஒரு பஸ் ஓட்டத்துக்குள் இத்தனை விதமான தரை.

அதில் நடக்கிற கால்களோ, பெரும்பாலும் இரண்டே விதம். ஒன்று வெறுங்கால். மற்றது பாட்டா. கம்பனி எதுவாக இருந்தாலும் இறப்பர்ச் செருப்புக்கு நம்மூரில் பெயர் பாட்டாதான். 'சப்பாத்து' என்ற சொல்லே போர்த்துக்கேயரின் 'சப்பாத்தோ'விலிருந்து வந்தது. சொல் வந்து நானூறு வருசத்துக்கு மேல், பொருள் இன்னும் பாதிப்பேரின் காலுக்கு வந்து சேரவில்லை.

கரைவலை இழுக்கிறவர்களிடம் கேட்டேன். "மணலுக்கு சப்பாத்து எதுக்கு? கால்விரலாலதான் மணலைப் பிடிக்கிற" என்றார்கள். உண்மைதான். ஈர மணலில் குதியை ஊன்றி, விரலை விரித்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுக்கும்போது, எந்தச் சோலும் அந்தப் பிடியைத் தராது. சப்பாத்துக்குள் மணல் போனால் அரத்தை உள்ளே வைத்து நடக்கிற மாதிரி. ஆக, எல்லா வேலைக்கும் சப்பாத்து என்று சட்டம் போடுகிற ஆளாக நான் மாறிவிடவில்லை. ஆனால் வெறுங்கால் சரியாக வருகிற வேலை ஒன்று இருப்பதால், மற்ற வேலைகளிலும் 'பழகின கால்தானே' என்று விடுகிறோம். அங்கேதான் பிசகுகிறது.

இனி, நான் கேட்டும் வாசித்தும் கொஞ்சம் விழுந்தும் தெரிந்துகொண்டதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

இறப்பரில் தொடங்குவோம், அது நம் நாட்டுச் சரக்கு. 1876 இல், பிரேசில் விதையில் முளைத்த கன்றுகள் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹாவின் ஹெனரத்கொட தோட்டத்துக்கு வந்தன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் போனால் பால் வடிகிற மரங்கள்தான். வெறும் இறப்பர் பால் வெயிலில் ஒட்டும், குளிரில் வெடிக்கும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் உறுதியாகும் என்று சார்ல்ஸ் குட்இயர் 1839 இல் கண்ட பிறகுதான் அது சோலாகவும் டயராகவும் ஆக முடிந்தது. இறப்பர் அடி ஈரத் தரையைக் கவ்விப் பிடிக்கும். தேய நாளெடுக்கும். அலுமாரிக்கு மேல் வைத்தாலும் பி.யூ. மாதிரித் திடீரென்று தூளாகாது, மெல்ல மெல்ல இறுகி வெடிப்பு விடும், கண்ணுக்குத் தெரியும். குறை என்னவென்றால் பாரம். மாலையில் கால் தூக்க மனம் வராது. இயற்கை இறப்பருக்கு இன்னொரு குறை, டீசலும் கிறீசும் பட்டால் ஊதிப்போய் மெதுவாகிவிடும்.

அதற்காகத்தான் நைத்திரைல் இறப்பர். இது தொழிற்சாலையில் செய்கிற இறப்பர். எண்ணெய் இதை ஊதவைக்காது. சூட்டையும் தாங்கும். சர்வதேசத் தரத்தில் சூடு தாங்கும் சோல் என்று முத்திரை வாங்க வேண்டுமென்றால், 300 பாகை சூட்டில் 60 விநாடி வைத்துச் சோதிக்கிறார்கள். உருகவோ வெடிக்கவோ கூடாது. தார் போடுகிறவர்கள், வெல்டிங் செய்கிறவர்கள், கொதிகலன் பக்கம் நிற்கிறவர்களுக்கு இதுதான். பி.யூ.வோடு அங்கே போனால் அடி இளகிப்போகும். நானாவின் கூட்டாளிகள் தார் வேலைக்குப் போகும்போது வேறு சப்பாத்து கொடுப்பார்களாம். நானா இதைச் சொன்னபோதுதான், வேலைக்கு ஒரு சப்பாத்து என்று ஒன்று இல்லை, தரைக்கு ஒரு சப்பாத்து என்பது எனக்கு உறைத்தது.

பி.வி.சி. என்பது நம் கம்பூட்ஸ். விலை மலிவு. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. உப்பு, உரம், சீமெந்துத் தண்ணீர் எதுவும் அதைத் தின்னாது. சீமெந்துத் தண்ணீர் தோலைப் பொசுக்கும் காரம். கொங்கிறீட் போடுகிற நாளில் தோல் சப்பாத்தை விட மலிவான கம்பூட்ஸ்தான் நல்லது. ஆனால் காற்று போகாது. பகல் வெயிலில் கால் உள்ளே அவியும். நாட்பட அதன் மெதுவுத்தன்மை போய் விறைத்துவிடும். ஈரமான மாபிள் தரையில் சில கம்பூட்ஸ் சவர்க்காரம் பூசிய மாதிரி வழுக்கும். சாதாரணக் கம்பூட்ஸின் அடிக்குள் தகடு எதுவும் இல்லை, ஆணி நேராக வந்துவிடும். இதற்குப் பிறகு வருவேன்.

ஈ.வி.ஏ. என்பது இப்போது கடைகளில் தொங்குகிற பஞ்சு மாதிரிச் செருப்புகள், சப்பாத்துகள். தூக்கினால் பாரமே இல்லை. முதல் மாதம் சொர்க்கம். பிறகு உங்கள் குதி எங்கே அழுத்துகிறதோ அங்கே பள்ளமாகும், திரும்ப எழும்பாது. கூரான கல் கீறும், சூட்டில் சுருங்கும். கடைக்குப் போய்வர நல்லம். வேலைத்தளத்துக்கு அதையே முழு அடியாகப் போட்டுப் போக வேண்டாம்.

டி.பி.யூ. என்று இன்னொன்று, பி.யூ.வின் உறுதியான தம்பி. காற்றறை இல்லாமல் திண்மமாக இருக்கும். தேய்வது குறைவு, வெட்டுப்படுவது குறைவு, ஈரத்தில் உதிர்வதும் குறைவு. ஆனால் விறைப்பு, மெத்தைத்தன்மை இல்லை. அதனால் பல கம்பனிகள் உள்ளே மெதுவான பி.யூ., வெளியே டி.பி.யூ. அல்லது இறப்பர் என்று இரண்டு அடுக்காகச் செய்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவில் இருக்கிற பி.யூ.வின் வயது போய்க்கொண்டேதான் இருக்கும். வெளி அடுக்கு புதுசு போல இருக்க, நடு அடுக்கு உதிர்ந்து, அடி மொத்தமாகக் கழன்று விழுவதும் உண்டு.

பொருள் மட்டும் போதாது, அடியில் வெட்டியிருக்கிற பள்ளங்களும் முக்கியம். 1935 இல் இத்தாலியில் விட்டாலே பிரமானி என்ற மலையேறியின் கூட்டாளிகள் ஆறு பேர் மலையில் இறந்துபோனார்கள். காலணிகள் அந்தப் பனிக்குப் பொருந்தாததும் ஒரு காரணம் என்று அவர் நினைத்தார். 1937 இல் ஆழமான பள்ளம் வெட்டிய இறப்பர் அடி ஒன்றைச் செய்தார். டயர் செய்கிற பிரெல்லி கம்பனி உதவியது. அவருடைய பெயரைச் சுருக்கி வைத்த 'விப்ரம்' இன்றும் உலகம் முழுக்க விற்கிறது. ஆழமான பள்ளம் சேற்றுக்கும் கல்லுக்கும் நல்லது. ஆனால் அதையே போட்டுக்கொண்டு வழுவழுப்பான ஈரத் தரையில் நின்றால், தரையைத் தொடுகிற பரப்புக் குறைந்து வழுக்கும். அங்கே சின்னச் சின்னக் கீறல்கள் நெருக்கமாக இருக்கிற தட்டையான அடிதான் பிடிக்கும். ஏணியில் ஏறி இறங்குகிறவர்களுக்குத் தட்டை அடி கூடாது. குதிக்கும் பாதத்துக்கும் நடுவில் ஒரு வெட்டு இருக்க வேண்டும், ஏணிப்படி அதில் மாட்டிக்கொள்ளும். காற்றாலைக்குள் ஏறுகிற ஒரு மச்சான் சொன்னார், "அந்த வெட்டு இல்லாட்டி நான் ஏற மாட்டன்."

இப்போது ஆணிக் கதை. இது வாப்பாவின் கதை.

வாப்பா உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர். பன்னிரண்டு வருசமாகச் சீனி வருத்தம். 2021 இல் ஒரு நாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து முற்றத்தில் கம்பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தபோது, வழக்கமாக வடிகிற வேர்வைத் தண்ணியோடு சிவப்பாக ஏதோ வடிந்தது. உம்மாதான் கண்டா. காலைத் திருப்பிப் பார்த்தால், சின்ன விரலுக்குக் கீழே ஒரு துளை. கம்பூட்ஸின் அடியில் துருப்பிடித்த ஆணி குத்தி நின்றது. எப்போது குத்தியது என்று கேட்டோம்.

"தெரியாதே. நோகல்லயே" என்றார்.

அந்த நோகாததுதான் வருத்தம். சீனி கனகாலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால் காலின் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வை இழக்கின்றன. நல்ல கால் ஒரு முள்ளுக்கே துள்ளும். அவருடைய கால் ஆணி மேல் நாள் முழுக்க நடந்திருக்கிறது, உப்புத் தண்ணிக்குள். காயம் புண்ணானது. இடது காலின் சின்ன விரலை எடுத்தார்கள். வாப்பா இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதமும் நானாவின் காசில்தான் அடுப்பு எரிந்தது.

அந்த நேரம் நான் சோலைப் பற்றி யோசிக்கவே இல்லை. விதி என்று இருந்தோம். புதுசாக அதே மாதிரி மலிவான கம்பூட்ஸ் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். மணிக்கட்டுக் கட்டோடு நான் வீட்டில் இருந்தபோதுதான், அதன் அடியைக் கையால் அழுத்திப் பார்த்தேன். இரண்டு வருசம் அதே மெல்லிய அடியில் அவரை அனுப்பியிருக்கிறோம்.

சர்வதேசத் தரத்தில் 20345 என்று ஒரு எண் இருக்கிறது, பாதுகாப்புச் சப்பாத்துக்கானது. நாக்கிலோ உள்பக்கத்திலோ பதித்திருக்கும். எஸ்.பி. என்றால் முன்பக்கக் கிண்ணம் மட்டும் உறுதி. அது 200 ஜூல் அடியைத் தாங்கும், அதாவது இருபது கிலோ ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவது மாதிரி. எஸ்1 என்றால் குதி அதிர்வைத் தாங்குவது போன்ற சில குணங்கள் கூடும். அதனோடு 'பி' சேர்ந்தால் அடிக்குள் ஆணி தடுக்கிற தகடு இருக்கிறது. எஸ்3 என்றால் தகடும் உண்டு, மேல்தோல் தண்ணீரையும் கொஞ்ச நேரம் தடுக்கும், அடியில் பள்ளமும் வெட்டியிருக்கும். எஸ்5 என்றால் கம்பூட்ஸ், ஆனால் தகடு வைத்த கம்பூட்ஸ். நம்மூரில் 'சேஃப்டி சூ' என்று சொல்லி விற்கிறவற்றில் முன்பக்கக் கிண்ணம் மட்டும் இருப்பவை நிறைய. எல்லோரும் விரலால் முன்னுக்குத் தட்டிப் பார்த்து 'டொக்' என்று சத்தம் வந்தால் வாங்குகிறார்கள். ஆணி முன்னால் இருந்து வருவதில்லை.

தகட்டிலும் இரண்டு வகை. இரும்புத் தகடு 1100 நியூட்டன் அழுத்தத்தில் வருகிற ஆணியை மறிக்க வேண்டும். மெல்லிய ஆணியையும் நன்றாக மறிக்கும். ஆனால் வளையாது, சூட்டைக் கடத்தும், உப்புத் தண்ணீர் உள்ளே போனால் துருப்பிடிக்கும். நெய்த நாரில் செய்த தகடு பாரமில்லாதது, வளையும், ஓரம் வரை மூடும். ஆனால் மெல்லிய கூரான ஆணி நாருக்கு நடுவில் புகுந்துவிடலாம். இதனால்தான் 2022 இல் திருத்திய தரத்தில், நார்த் தகட்டைத் தடித்த ஆணிக்கும் மெல்லிய ஆணிக்கும் தனித்தனியாகச் சோதித்து, தனித்தனி எழுத்துப் போடுகிறார்கள்.

கொழும்பில் வேலை செய்கிற கூட்டாளி ஒருவன் மூலம் வாப்பாவுக்கு எஸ்5 கம்பூட்ஸ் ஒரு சோடி எடுத்தேன். என் இரண்டு மாதச் சேமிப்பு. சந்தோசமாகக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தேன். வாப்பா போட்டு நாலு அடி நடந்துவிட்டுக் கழற்றினார்.

"இது கால் இல்ல மகன், உரல்."

"வாப்பா, ஆணி ஏறாது."

"பாத்தியே உடைஞ்சிரும்."

எனக்கு விளங்கவில்லை. கோபம் வந்தது. மறுநாள் அவரோடு உப்பளத்துக்குப் போனேன். அப்போதுதான் பார்த்தேன். உப்புப் பாத்தியின் தரை அடித்து இறுக்கிய களிமண். அதன் மேல்தான் உப்பு விளைகிறது. ஆழமான பள்ளம் வெட்டிய, பாரமான அடியோடு அதில் இறங்கினால் களி பெயர்ந்து உப்போடு கலக்கும். உப்பு கறுக்கும். பாத்தியும் பழுதாகும், முதலாளியும் ஏசுவார். வாப்பா அடம்பிடிக்கவில்லை. தொழில் தெரிந்து பேசியிருக்கிறார். நான் காலை மட்டும் பார்த்தேன், அவர் தரையையும் பார்த்தார்.

ஆனால் ஆணி பாத்திக்குள் இருந்து வரவில்லை. வரம்பில் போட்டிருந்த பழைய பலகையிலிருந்தும், உப்பு மூட்டை அடுக்குகிற இடத்திலிருந்தும்தான் வர முடியும் என்று இருவரும் நடந்து பார்த்து முடிவுக்கு வந்தோம். ஆகவே இப்போது வாப்பா இரண்டு சோடி கொண்டுபோகிறார். வரம்பிலும் மூட்டை இடத்திலும் எஸ்5. பாத்திக்குள் இறங்கும்போது பள்ளம் குறைந்த, மெல்லிய அடியுள்ள பழைய கம்பூட்ஸ். வெறுங்கால் மட்டும் கிடையாது. கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லித் தந்தபடி, போடுவதற்கு முன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கை விட்டுப் பார்ப்பது, பின்னேரம் காலின் அடியைப் பார்ப்பது. முன்பு உம்மா பார்ப்பா. இப்போது முறை வைத்துப் பார்க்கிறோம்.

எனக்கு நான் வாங்கியது எஸ்3, வெளியே இறப்பர், நடுவில் பி.யூ. கடைக்காரர் விலையைச் சொல்லிக்கொண்டிருக்க, நான் சப்பாத்தைக் கவிழ்த்துத் திகதியைத் தேடினேன். தரமான சப்பாத்தில் செய்த வருடமும் மாதமும் இருக்கும். சிலவற்றில் அடியிலேயே சின்ன மணிக்கூடு மாதிரி ஒரு வட்டம், நடுவில் அம்புக்குறி, சுற்றிவர மாத எண்கள் இருக்கும். முதலில் காட்டிய சோடி நாலு வருசம் பழசு, 'ஸ்டொக் கிளியரன்ஸ்' விலை. "புதுசு தம்பி, பெட்டி கூட உடைக்கல்ல" என்றார் கடைக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு சோடி கேட்டேன்.

உங்கள் வீட்டிலும் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சோடி எங்காவது இருக்கலாம். இன்றைக்கே இறக்கிப் பாருங்கள். அடியை நன்றாக வளையுங்கள். பக்கவாட்டில் நகத்தால் அழுத்துங்கள். வெடிப்பு விட்டாலோ, அழுத்தின இடம் களி போல் அமுங்கி நின்றாலோ, ஒட்டினாலோ, அது முடிந்தது, யாரையும் அதோடு ஏணியில் ஏற விடாதீர்கள். நன்றாக இருந்தால் இன்றிலிருந்து போடத் தொடங்குங்கள். போட்டுவிட்டு நிழலில், காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். பொலித்தீன் வேண்டாம்.

நானாவின் சப்பாத்தை நான் எறியவில்லை. புத்தளத்தில் குடைக்குக் கீழே இருந்து சப்பாத்துத் தைக்கிற ஒரு காக்காவிடம் கொண்டுபோனேன். தோலைத் தடவிப் பார்த்தார். "மேல் நல்ல சாமான். அடிதான் மௌத்தாப்போச்சு" என்றார். மிச்சத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, இறப்பர் அடி ஒன்றை ஒட்டி, சுற்றிவரத் தைத்துத் தந்தார். இப்போது அது பாதுகாப்புச் சப்பாத்து இல்லை. அடிக்குள் தகடு இல்லை, எந்தச் சோதனையும் அதற்குப் பொருந்தாது. வேலைத்தளத்துக்கு அதைப் போடுவதில்லை. வெங்காயத் தோட்டத்துக்கும் ஊருக்குள் போய்வரவும் போடுகிறேன்.

போன நோன்புப் பெருநாளுக்கு நானா வந்தார். வாசலில் கழற்றி வைத்திருந்த சப்பாத்தைப் பார்த்து நின்றார். அன்றிரவு சாப்பிட்டு முடிந்த பிறகுதான் ஒரு விசயம் சொன்னார். 2017 இல் அவருக்குக் கிடைத்தது இரண்டு சோடி இல்லை. அது அவருடைய அந்த வருசச் சோடி. எனக்கென்று அதை எடுத்து வைத்துவிட்டு, லீவு வரைக்கும் பழையதின் வாயைக் கம்பியால் கட்டி, மழைக்கும் வெயிலுக்கும் அதோடு நடந்திருக்கிறார்.

"அப்ப நீங்களே போட்டிருக்கலாமே, நானா" என்றேன்.

"ஓம்டா" என்றார். பிறகு, "இந்த முறை உனக்கு ஒண்டும் கொண்டுவரல்ல. போட்டுத் தேய்ச்சிட்டுத்தான் வந்தன்" என்று காலைத் தூக்கி அடியைக் காட்டினார். குதிப்பக்கம் பள்ளமெல்லாம் அழிந்து, நல்ல வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தது. மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொன்னேன். போனதும் கேட்பதாகச் சொன்னார்.

வாப்பா முற்றத்தில் இருந்து கூப்பிட்டார். இன்றைக்குக் கால் பார்க்கிற முறை என்னுடையது.